கடவுச்சீட்டும் நுழைவனுமதியும் – பிரான்சின் எல்லை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கைக் கடவுச்சீட்டினை உடைய ஒருவர் குறுகிய காலப் பயணமாகப் பிரான்சு நாட்டுக்குச் செல்ல விரும்பின், முதற்கண் அவர் நுழைவனுமதி பெறுதல் வேண்டும். வீசா எனப் பெருவழக்காக வழங்கப்படுவது இதுவே. அவரது கடவுச்சீட்டு முந்திய 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஐரோப்பாவை விட்டு நீங்கும் நாளின் பின்னரும் 3 மாத காலமேனும் செல்லுபடியாவதாகவும், குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கங்களைக் கொண்டதாகவும் இருத்தல் அவசியம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, தங்குமிடத்துக்கான சான்று, செலவுக்குப் போதிய பணமுண்டு என்பதற்கான சான்று, பயணம் முடிந்ததும் ஊர் திரும்புவார் என்பதைப் புலப்படுத்தும் ஆதாரங்கள் ஆகியவற்றை அவர் சமர்ப்பித்தல் வேண்டும். விரல் அடையாளங்களும் பதியப்படும். 2024 யூன் மாதத்தில் 90 யூரோவாக உயர்த்தப்பட்ட கட்டணமும் உண்டு. இவ்வளவும் நிறைவேறிய பின் அவருக்குக் கிடைக்கக்கூடியது, 180 நாட் காலப்பகுதியொன்றில் 90 நாட்களுக்கு மேற்படாது தங்குவதற்கான அனுமதியேயாகும்.

இத்தகைய விதிகள் அரசு என்னும் அமைப்புடன் கூடவே பிறந்தவை போலவும், என்றும் நிலைபெற்றிருந்தவை போலவும் தோற்றுவது இயல்பு. ஆயின் வரலாறு வேறு விதமாகக் கூறுகின்றது. 1910ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து பாரிசுக்குச் சென்ற ஒரு பிரயாணி கடவுச்சீட்டு எதனையும் காட்ட வேண்டியவராய் இருக்கவில்லை. அங்கிருந்து அவர் பேர்லினுக்கோ உரோமாபுரிக்கோ செல்வதாயினும் நிலைமை அதுவே. பிரெஞ்சு எல்லையில் கடவுச்சீட்டு ஒரு முறையன்றிப் பல முறை புகுத்தப்பட்டதும், நீக்கப்பட்டதும், மீண்டும் புகுத்தப்பட்டதும் உண்டு. ஒவ்வொரு முறையும் அது ஓர் அவசரநிலையின் பெயரால், தற்காலிக ஏற்பாடு என்று கூறப்பட்டே வந்தது. அவசரநிலை நீங்கிய பின்னரும் அது நீங்காது நின்றமைக்கான காரணங்களையும், அதனால் யார் பாதிக்கப்பட்டனர் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புரட்சியும் கடவுச்சீட்டும்

புரட்சிக்கு முற்பட்ட பிரான்சில் மக்களின் நடமாட்டம் அரசனின் அதிகாரிகளாலும் உள்ளூர் ஆட்சியாளராலும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. நாட்டை விட்டு வெளியேறுவதற்கு அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது. 1789இல் வெடித்த புரட்சி இத்தகைய தளைகளை அறுக்க முற்பட்டது. 1791ஆம் ஆண்டு அரசியலமைப்பு, செல்லவும் தங்கவும் நீங்கவும் ஒவ்வொரு மனிதனுக்கும் உள்ள சுதந்திரத்தை இயற்கையான உரிமைகளின் வரிசையில் முதன்மையாக வைத்து உறுதிப்படுத்தியது. ஐரோப்பிய வரலாற்றில் நடமாடும் உரிமை பெற்ற மிக உயர்ந்த இடங்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

ஆயின் அவ்வரசியலமைப்பு நிறைவுபெறுவதற்குச் சில மாதங்களின் முன்னரே, ஒரு கடவுச்சீட்டு பிரான்சின் வரலாற்றைத் திசைதிருப்பியிருந்தது. 1791 யூன் 20ஆம் நாள் இரவு பதினாறாம் லூயி மன்னன் தன் குடும்பத்தினருடன் பாரிசிலிருந்து இரகசியமாக வெளியேறினான். அவர்கள் கொண்டுசென்ற கடவுச்சீட்டு, கோர்ப் சீமாட்டி என்னும் பெயரில் வெளிநாட்டமைச்சினால் முறைப்படி வழங்கப்பட்டிருந்தது. அரச குழந்தைகளின் செவிலித்தாய் சீமாட்டியாக நடித்தாள். அரசி குழந்தைகளின் ஆசிரியையானாள். அரசனோ துராந் என்னும் பெயருடைய பணியாளனானான். வழியில் அஞ்சல் நிலைய அதிகாரி துரூவே என்பான் அரசனை அடையாளங் கண்டுகொள்ள, வரென் என்னும் சிற்றூரில் யாவரும் தடுத்து நிறுத்தப்பட்டனர்.

இந்நிகழ்ச்சியில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. அக்கடவுச்சீட்டு போலியானதன்று. கையொப்பமும் முத்திரையும் உண்மையானவையே. பொய்யானது அதனைக் கொண்டுசென்றவரின் அடையாளமேயாகும். சீட்டு மெய்யாயினும் அதைக் கையில் வைத்திருப்பவர் யார் என்பதை அது தானாக மெய்ப்பிக்காது. இந்த இடைவெளியை அடைப்பதற்கு அரசுகள் மேற்கொண்ட முயற்சியே பிற்காலத்து அங்க அடையாளக் குறிப்பு, புகைப்படம், விரல் அடையாளம் ஆகியவற்றின் வரலாறாகும்.

அரசன் தப்பியோட முயன்ற செய்தி பரவியவுடன் தேசிய சபை நாட்டின் எல்லைகளை மூடுமாறு பணித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் அரசியலமைப்பு ஏற்கப்பட்டபொழுது இக்கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. ஆயின் நாட்டை விட்டு நீங்கிய பிரபுக்கள் எல்லைக்கு அப்பால் படை திரட்டுகின்றனர் என்னும் அச்சம் வளரவே, 1792இன் தொடக்கத்தில் கடவுச்சீட்டு மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரிலில் ஒஸ்திரியாவுடன் போர் மூண்டது. 1795 ஒக்டோபரில் இயற்றப்பட்ட சட்டமொன்று, தன் வட்டாரத்தை விட்டு வெளியே செல்லும் எவரும் உள்நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருத்தல் வேண்டும் என விதித்தது. செல்லவும் தங்கவும் நீங்கவும் உள்ள சுதந்திரத்தைப் பறைசாற்றிய அதே தலைமுறை, நான்கே ஆண்டுகளில் அயலூருக்குச் செல்வதற்கும் சீட்டுக் கேட்கலாயிற்று.

புகையிரதமும் எல்லைத் தளர்வும்

நெப்போலியனின் ஆட்சியிலும் அதன் பின்னரும் இம்முறை தொடர்ந்தது. பிரயாணியின் வயது, உயரம், தலைமயிர், கண், மூக்கு, வாய், மோவாய் என்பன பற்றிய குறிப்புகள் கடவுச்சீட்டில் எழுதப்பட்டன. ஆனால் சாதாரண உயரம், சாதாரண மூக்கு என்று எழுதப்பட்ட சீட்டொன்று எத்தனையோ பேருக்குப் பொருந்தியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்முறையை நிலைகுலையச் செய்தது புகையிரதமாகும். 1846இல் பாரிசும் பிரசெல்சும் இருப்புப்பாதையால் இணைக்கப்பட்டன. குதிரை வண்டியில் வந்த பத்துப் பேரின் சீட்டுகளை ஒரு காவலன் ஆறுதலாகப் படித்துப் பார்க்கலாம். புகையிரதத்தில் வந்திறங்கும் நூற்றுக்கணக்கானோரின் சீட்டுகளை அவ்வாறு பார்த்தல் இயலாது. வணிகர்களும் உல்லாசப் பிரயாணிகளும் தாமதத்தை வெறுத்தனர். அவர்களாற் கிடைக்கும் வருவாயை அரசுகள் விரும்பின.

கடவுச்சீட்டு முறை பயனற்றது என்பதற்கு 1858ஆம் ஆண்டு ஒரு சான்று கிடைத்தது. சனவரி 14ஆம் நாள் பாரிசில் மூன்றாம் நெப்போலியனைக் கொல்வதற்குக் குண்டு வீசிய இத்தாலியனான ஓர்சினி, ஆங்கிலேயர் ஒருவரின் கடவுச்சீட்டைப் பயன்படுத்திப் பிரயாணஞ் செய்தவன். இதன் விளைவாகப் பிரித்தானிய அரசு, அதுவரை பிற நாட்டவர்க்கும் வழங்கிவந்த தன் கடவுச்சீட்டினைத் தன் குடிகளுக்கு மட்டுமே வழங்க முடிவு செய்தது. கடவுச்சீட்டு என்பது பயணத்துக்கான பரிந்துரைக் கடிதம் என்னும் நிலையிலிருந்து குடியுரிமைக்கான சான்று என்னும் நிலைக்கு மாறிய கட்டங்களுள் இதுவும் ஒன்றாகும்.

எனினும் சில காலத்துக்குக் கெடுபிடி செய்த மூன்றாம் நெப்போலியனே, 1860இன் இறுதியில் ஆங்கிலேயர் கடவுச்சீட்டு இன்றியே பிரான்சுக்கு வரலாம் என அறிவித்தான். 1867இல் வட ஜேர்மன் கூட்டாட்சி, உள்வருவோருக்கும் வெளிச்செல்வோருக்கும் கடவுச்சீட்டுத் தேவையில்லை எனச் சட்டம் இயற்றியது. நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்கு ஐரோப்பா எங்கும் இதுவே பொது வழக்காயிற்று. ருஷ்யாவும் துருக்கிய சாம்ராச்சியமும் கடவுச்சீட்டுக் கேட்டன. அதனை அக்காலத்து மேற்கு ஐரோப்பியர் பிற்போக்கின் அடையாளமாகவே கருதினர்.

இக்காலத்தைப் பொற்காலம் என வருணிப்பாருமுளர். அக்கூற்றை முழுமையாக ஏற்றுக்கொள்வதற்கில்லை. 1871இல் ஜேர்மனியால் கவர்ந்துகொள்ளப்பட்ட அல்சேஸ் – லொரேன் பகுதிக்குப் பிரான்சிலிருந்து செல்வோர் ஜேர்மன் தூதரகத்தில் நுழைவனுமதி பெற வேண்டுமென 1888இல் பிஸ்மார்க் விதித்தார். இது 1891 வரை நீடித்தது. எல்லைக்கு இருபுறமும் பிரிந்து வாழ்ந்த குடும்பங்களே இதனால் வருந்தின. பிரான்சின் உள்ளேயும் சுதந்திரம் யாவர்க்கும் ஒன்றாயிருக்கவில்லை. 1912 யூலை 16ஆம் நாட் சட்டம், நிலையான வீடின்றி ஊர் ஊராகத் திரிந்த நாடோடி மக்கள் தம் உடல் அளவுகளும் விரல் அடையாளங்களும் புகைப்படமும் பதிந்த ஏடொன்றை எப்பொழுதும் வைத்திருக்க வேண்டுமென்றும், செல்லும் ஊர்தோறும் அதில் ஒப்பம் பெற வேண்டுமென்றும் கட்டளையிட்டது. 1969 வரை இந்த ஏடு வழக்கிலிருந்தது. செல்வர் கடவுச்சீட்டின்றிப் பயணஞ் செய்த அதே நாட்களில், பிற்காலத்தில் உலகம் முழுவதற்கும் பொதுவாகவிருந்த முறை வறியவர் மீது முதலிற் பரீட்சிக்கப்பட்டது என்பது மனங்கொளத்தக்கது.

முதலாம் உலகப் போர்

1914 ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ஐரோப்பிய வல்லரசுகள் போரில் இறங்கின. சில நாட்களுக்குள் ஜேர்மனி, பிரான்சு, பிரித்தானியா ஆகிய மூன்று நாடுகளும் அந்நியரின் வரவையும் போக்கையும் கட்டுப்படுத்தும் ஆணைகளைப் பிறப்பித்தன. ஒற்றரைத் தடுத்தலும், படைக்கு அழைக்கப்படக்கூடியோர் நாட்டை விட்டு நழுவாது காத்தலும் அவற்றின் நோக்கங்கள். போர்க்காலத்துக்கு மட்டுமான ஏற்பாடுகளாகவே அவை கருதப்பட்டன.

புகைப்படம் கடவுச்சீட்டில் இடம்பெற்றமைக்கும் இப்போரே காரணமாயிற்று. கார்ல் ஹான்ஸ் லோடி என்னும் ஜேர்மன் ஒற்றன், அமெரிக்கர் ஒருவரின் பெயரிலிருந்த உண்மையான கடவுச்சீட்டுடன் பிரித்தானியாவுக்குள் நுழைந்து உளவு பார்த்தான். அச்சீட்டில் புகைப்படம் இருக்கவில்லை. அகப்பட்ட அவன் 1914 நவம்பர் 6ஆம் நாள் லண்டன் கோபுரத்திற் சுட்டுக் கொல்லப்பட்டான். வரென் நகரில் வெளிப்பட்ட அதே குறைபாடு, நூற்றிருபத்து மூன்று ஆண்டுகளின் பின்னர் மீண்டும் வெளிப்பட்டது எனலாம். இதனையடுத்து அமெரிக்காவும் பிரித்தானியாவும் கடவுச்சீட்டிற் புகைப்படத்தைக் கட்டாயமாக்கின. பிரான்சு 1917 ஏப்ரிலில் ஒருபடி மேலே சென்று, நாட்டில் வாழும் அந்நியர் யாவர்க்கும் அடையாள அட்டையைக் கட்டாயமாக்கியது.

1918 நவம்பரிற் போர் ஓய்ந்தது, கடவுச்சீட்டு ஓயவில்லை. சர்வதேச சங்கத்தின் ஆதரவில் 1920 ஒக்டோபரில் பாரிசிற் கூடிய மாநாடு இப்பிரச்சினையை ஆராய்ந்தது. போருக்கு முன்னர் நிலவிய சுதந்திரத்துக்குத் திரும்புதலே விரும்பத்தக்கது என்பதை அம்மாநாடு ஏற்றுக்கொண்டது. ஆயினும் நாடுகளின் பாதுகாப்பினை முன்னிட்டு அதனை உடனடியாகச் செய்தல் இயலாது எனக் கூறி, இடைக்காலத்துக்கென ஒரே மாதிரியான கடவுச்சீட்டொன்றினை விதந்துரைத்தது. 32 பக்கங்களைக் கொண்ட சிறு புத்தகமாக, பிரெஞ்சு உட்பட இரு மொழிகளிலேனும் எழுதப்பட்டதாக அது அமைதல் வேண்டும் எனப்பட்டது. வெளியேறுவதற்கான அனுமதி முறை ஒழிக்கப்படல் வேண்டும் என்பதும் விதப்புரைகளுள் ஒன்று. 1926இல் ஜெனீவாவிற் கூடிய மாநாடும், இரண்டாம் உலகப் போரின் பின் 1947இல் அங்கு கூடிய நிபுணர் குழுவும் இதே விடயத்தை ஆராய்ந்தன. முற்றாக ஒழிப்பதற்குரிய காலம் இன்னும் வரவில்லை என்னும் முடிவுக்கே ஒவ்வொரு முறையும் வந்தன.

இம்மாநாடுகளின் உண்மையான விளைவு யாது? கடவுச்சீட்டினை ஒழிக்கும் விருப்பத்துடன் கூடியவர்கள் அதனைச் செம்மைப்படுத்தினார்கள். ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு வடிவிலிருந்த போர்க்காலத் தாள், உலகப் பொதுவான புத்தகமாயிற்று. பயணத்தை எளிதாக்கும் பொருட்டுச் செய்யப்பட்ட இச்சீர்திருத்தமே கடவுச்சீட்டுக்கு நிலைபேற்றை அளித்தது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும்.

சீட்டற்ற மனிதர்

யாவரும் கடவுச்சீட்டு வைத்திருக்க வேண்டும் என்னும் விதி, தனக்கெனச் சீட்டு வழங்க ஓர் அரசு இல்லாத மனிதனின் நிலை யாது என்னும் வினாவை எழுப்பியது. 1917ஆம் ஆண்டுப் புரட்சியையும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரையும் அடுத்துப் பல இலட்சம் ருஷ்யர் நாட்டை விட்டு வெளியேறினர். 1921 டிசெம்பரிற் சோவியத் அரசாங்கம் அவர்களுட் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. அவர்களிடமிருந்த பழைய சீட்டுகள் மறைந்துபோன ஓர் அரசின் பெயராலானவை. ஒரு நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, மற்றொரு நாட்டினால் ஏற்கப்படாது, எல்லைகளிடையே அலைந்தோர் பலர்.

சர்வதேச சங்கத்தின் அகதிகள் உயர் ஆணையாளராக விளங்கிய நோர்வே நாட்டவரான பிரித்யொவ் நான்சன் இதற்கு ஒரு வழி கண்டார். 1922 யூலையில் ஜெனீவாவில் எய்தப்பட்ட இணக்கத்தின்படி, அகதி வாழும் நாடே அவருக்கு அடையாளச் சான்றிதழ் ஒன்றை வழங்கியது. இதுவே நான்சன் கடவுச்சீட்டு எனப் பெயர் பெற்றது. 1924இல் ஆர்மீனிய அகதிகளுக்கும் இது விரிவுபடுத்தப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் இதனை ஏற்றன. ஏறத்தாழ 4,50,000 சீட்டுகள் வழங்கப்பட்டன. பாரிசு நகரம் ருஷ்ய அகதிகளின் தலைநகர் போலாயிற்று. இசையமைப்பாளர் ஸ்திராவின்ஸ்கி, ஓவியர் ஷகால், எழுத்தாளர் நபொக்கொவ் ஆகியோர் இச்சீட்டினை வைத்திருந்தோருள் அடங்குவர். தொடக்கத்தில் இச்சீட்டு, அதனை வழங்கிய நாட்டுக்குத் திரும்பி வரும் உரிமையைக்கூட அளிக்கவில்லை. இக்குறைகள் இருந்தும், அரசற்ற மனிதனும் மனிதனே என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட முதற் சந்தர்ப்பங்களுள் இது ஒன்று.

பதினாறு ஆண்டுகளின் பின்னர் இதே கருவி எதிர்த்திசையிற் பயன்படுத்தப்பட்டது. ஜேர்மனியிலிருந்து யூதர் தப்பியோடிய நாட்களில், அவர்களை ஏனைய ஜேர்மனியரிலிருந்து எல்லையிலேயே வேறுபடுத்தி அறிய வேண்டுமென்பது சுவிற்சர்லாந்து அதிகாரிகளின் கவலையாயிருந்தது. இரு நாடுகளும் நடத்திய பேச்சுகளின் பின், 1938 ஒக்டோபர் 5ஆம் நாள் ஜேர்மன் அரசு யூதரின் கடவுச்சீட்டுகளைச் செல்லுபடியற்றவையாக்கி, சிவப்பு நிறத்தில் 'யூதர்' என்பதன் முதலெழுத்துப் பொறிக்கப்பட்டாலன்றி அவை செல்லா என ஆணையிட்டது. ஓர் எழுத்து ஒருவரின் உயிருக்கு எல்லையாயிற்று. இதற்காகச் சுவிற்சர்லாந்து அரசு 1995இல் மன்னிப்புக் கோரியது.

1940 யூனிற் பிரான்சு வீழ்ச்சியுற்றபொழுது, அந்நாட்டில் அடைக்கலம் பெற்றிருந்தோர் மீண்டும் ஓட வேண்டியவராயினர். தப்புவதற்கு ஒரு சீட்டு மட்டும் போதவில்லை. போய்ச்சேரும் நாட்டின் நுழைவனுமதி, இடைப்பட்ட நாடுகளாகிய ஸ்பெயினையும் போர்த்துக்கலையும் கடப்பதற்கான அனுமதி, பிரான்சை விட்டு நீங்குவதற்கான அனுமதி என்பன யாவும் ஒருங்கே செல்லுபடியாதல் வேண்டும். ஒன்றைப் பெறுவதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடும். ஜேர்மனிய யூத அறிஞரான வால்ற்றர் பென்யமினிடம் அமெரிக்க நுழைவனுமதி இருந்தது. பிரான்சிலிருந்து வெளியேறும் அனுமதி இருக்கவில்லை. மலைவழியாகப் பிரனீசு மலைத்தொடரைக் கடந்து ஸ்பெயினின் போர்ட்பூ என்னும் எல்லையூரை அடைந்த அவரைத் திருப்பியனுப்பப் போவதாக அங்குள்ள அதிகாரிகள் கூறினர். 1940 செப்டெம்பர் 26ஆம் நாள் அவர் அவ்வூரில் உயிர் நீத்தார். அவர் தற்கொலை செய்துகொண்டார் என்பதே பெரும்பாலோர் கருத்து. அவருடன் வந்தோர் பின்னர் செல்ல அனுமதிக்கப்பட்டனர்.

அதே ஆண்டு யூனில் போர்தோ நகரிலிருந்த போர்த்துக்கல் நாட்டுத் தூதுவ அதிகாரி அரிஸ்திதெஸ் டி சூசா மெண்டஸ் என்பார் வேறொரு முடிவு செய்தார். நாடற்றோருக்கும் நான்சன் சீட்டு உடையோருக்கும் தலைநகரின் அனுமதியின்றி நுழைவனுமதி வழங்கலாகாது என அவரது அரசு 1939 நவம்பரிலேயே சுற்றறிக்கை மூலம் தடுத்திருந்தது. அவர் அதனைப் புறக்கணித்து ஆயிரக்கணக்கானோருக்கு அனுமதி வழங்கினார். சலசாரின் அரசாங்கம் அவரைத் தண்டித்துப் பதவியிலிருந்து நீக்கியது. 1954இல் அவர் வறுமையில் இறந்தார். முத்திரை ஒன்றே, அதனைக் குத்துவதும் குத்தாது விடுவதும் எத்துணைப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவல்லன என்பதை இவரது வரலாறு உணர்த்துகின்றது.

உள்ளெல்லையும் புறவெல்லையும்

இவ்வனுபவங்களின் பயனாகவே 1951 யூலை 28ஆம் நாள் ஜெனீவாவில் அகதிகள் பற்றிய உடன்படிக்கை உருவாயிற்று. உயிராபத்துள்ள நாட்டிலிருந்து நேராக வந்து, தாமதமின்றித் தம்மை அதிகாரிகளிடம் ஒப்புவிக்கும் அகதிகளை, உரிய சீட்டின்றி நுழைந்தமைக்காகத் தண்டிக்கலாகாது என அதன் 31ஆம் உறுப்புரை கூறுகின்றது. அகதி எனப்படுபவர் சீட்டுப் பெற்று வரக்கூடிய நிலையில் இருப்பதில்லை என்னும் பட்டறிவு இவ்வுறுப்புரையின் பின்னணியில் உள்ளது.

1985ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். அவ்வாண்டு யூன் 14ஆம் நாள், பிரான்சு, ஜேர்மனி, லக்சம்பேர்க் ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகள் சந்திக்கும் இடத்தருகே, மோசல் ஆற்றிலிருந்த கப்பலொன்றில், பிரான்சு, மேற்கு ஜேர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க் என்பன ஷெங்கன் உடன்பாட்டிற் கையொப்பமிட்டன. தமக்கிடையேயான எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்குவதே அதன் இலக்கு. 1990 யூனில் இதற்கான விரிவான ஒப்பந்தம் செய்யப்பட்டது. 1995 மார்ச் 26ஆம் நாள் ஏழு நாடுகளில் அது நடைமுறைக்கு வந்தது. 2025 சனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாக இணைந்தபொழுது இந்நாடுகளின் தொகை 29 ஆயிற்று. 1910ஆம் ஆண்டுப் பிரயாணியின் சுதந்திரம் ஒரு வகையில் மீட்கப்பட்டது எனலாம்.

அதே 1985ஆம் ஆண்டு இலங்கைத் தமிழரைப் பொறுத்தவரை வேறொரு பொருளை உடையது. 1983 யூலை வன்செயல்களின் பின் நாட்டை விட்டு வெளியேறியோர் பலர் ஐரோப்பாவை நாடினர். 1985 மே மாதத்திற் பிரித்தானியா இலங்கையருக்கு நுழைவனுமதியைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் பிரசைகளுக்கு இவ்வாறு விதிக்கப்பட்டது அதுவே முதன்முறையாகும். ஏனைய சிலர் கிழக்கு பேர்லினின் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நகரப் புகையிரதம் மூலம் மேற்கு பேர்லினை அடைந்தனர். பேர்லின் நகரைப் பிரித்த கோட்டினை அரச எல்லையாக மேற்குத் தரப்பு ஏற்காமையால் அங்குச் சோதனை செய்யவும் இயலவில்லை. மேற்கு ஜேர்மனியின் வற்புறுத்தலினால், மேற்கே செல்வதற்கான அனுமதி இல்லாத இலங்கைத் தமிழரைத் தன் நாட்டினூடாகச் செல்லவிடாது தடுக்கக் கிழக்கு ஜேர்மனி 1985 யூலையில் இணங்கியது. தன் மக்கள் வெளியேறாவண்ணம் சுவரெழுப்பிய அரசு, பிறர் உட்செல்லாவண்ணம் மேற்கின் வாயிற்காவலனாகவும் ஆயிற்று.

பாரிசில் 1986 செப்டெம்பரில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளை அடுத்து, ஐரோப்பிய சமூக நாட்டவரும் சுவிற்சர்லாந்தினரும் தவிர்ந்த யாவரும் நுழைவனுமதி பெற வேண்டுமெனப் பிரான்சு அறிவித்தது. அமெரிக்கரும் இதற்கு விலக்கல்லர். அமெரிக்கர் போன்றோருக்கு இவ்விதி பின்னர் நீங்கிற்று. எந்நாட்டவர்க்கு விதி நீங்கும், எந்நாட்டவர்க்கு நிலைக்கும் என்பதைத் தீர்மானித்தது குண்டுவெடிப்பன்று. அந்நாட்டின் செல்வமும் செல்வாக்குமே என்று கொள்ளுதல் பொருந்தும்.

இக்காலத்தில் எல்லை தன் இடத்தையும் மாற்றிக்கொண்டது. உரிய சீட்டில்லாப் பிரயாணியை ஏற்றிவரும் விமானக் கம்பனிகளுக்கு ஆளொன்றுக்கு 1,000 பவுண் வீதம் அபராதம் விதிக்கும் சட்டத்தைப் பிரித்தானியா 1987இல் இயற்றியது. பிரான்சு 1992 பெப்ரவரியில் 10,000 பிராங்கு வரையிலான அபராதத்தை விதித்தது. இதனாற் பிரான்சின் எல்லை கட்டுநாயக்காவிலே, விமானக் கம்பனி ஊழியரின் மேசையிலே தொடங்குவதாயிற்று. 2009ஆம் ஆண்டின் ஐரோப்பிய நுழைவனுமதிச் சட்டத்தொகுப்பு, விமான நிலையத்தை விட்டு வெளியேறாது மற்றொரு விமானத்துக்கு மாறுவதற்கும் முன்னனுமதி பெற வேண்டிய நாட்டவர்களைப் பட்டியலிட்டது. அப்பன்னிரு நாடுகளுள் இலங்கையும் ஒன்று. புகலிடம் கேட்பதற்கென ஒரு நுழைவனுமதி அத்தொகுப்பில் இல்லை. அத்தகைய அனுமதியை வழங்குமாறு ஐரோப்பியச் சட்டம் உறுப்பு நாடுகளைக் கட்டாயப்படுத்தவில்லை என ஐரோப்பிய நீதிமன்றம் 2017 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஆகவே சீட்டின்றி வந்தோரைத் தண்டிக்கலாகாது என்னும் 1951ஆம் ஆண்டு உறுப்புரை உயிரோடிருக்கின்றது. சீட்டின்றி வந்துசேரும் வழிதான் அடைபட்டுள்ளது.

முடிவுரை

அரசுகளுக்குத் தம் எல்லையைக் காக்கும் கடமை உண்டு என்பதை மறுத்தற்கில்லை. ஓர்சினியின் குண்டும் லோடியின் உளவும் கற்பனைகளல்ல. கடவுச்சீட்டு அதனை உடையாரைக் காப்பதும் உண்டு. நான்சன் சீட்டினாற் பயன்பெற்றோர், சீட்டே வேண்டாம் என்று கேட்கவில்லை; தமக்கும் ஒரு சீட்டு வேண்டும் என்றே கேட்டனர். எனவே கடவுச்சீட்டினை முற்றாகப் பழித்தல் வரலாற்று நோக்காகாது.

ஆயின் இதுகாறும் கூறியவற்றை ஒருங்கு நோக்குமிடத்து ஒரு பொதுப் பண்பு புலனாகின்றது. 1792, 1914, 1986 எனக் கட்டுப்பாடு ஒவ்வொரு முறையும் அச்சத்தின் விளைவாகவே வந்தது. வந்தபின், அதனை நடத்துவதற்கென அலுவலகங்களும் பதிவேடுகளும் கட்டணங்களும் தோன்றின. அச்சம் மறைந்தாலும் இவை மறைவதில்லை. 2015 நவம்பரிற் பாரிசில் நிகழ்ந்த தாக்குதல்களின்போது பிரான்சு தன் உள்ளெல்லைகளில் மீண்டும் ஏற்படுத்திய சோதனையும் தற்காலிகமானதே. அதன் பின்னர் அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வந்துள்ளது. ஒரே ஆபத்தைக் காட்டி ஆறு மாதத்துக்கு மேல் இதனை நீடித்தலாகாது என ஐரோப்பிய நீதிமன்றம் 2022இற் கூறிய பின்னரும் இந்நிலை மாறவில்லை.

மற்றொன்றும் உண்டு. கட்டுப்பாடு எவருக்காகக் கொண்டுவரப்படுகின்றதோ அவரை அது பெரும்பாலும் பிடிப்பதில்லை. தப்பியோடிய அரசனிடமும், குண்டு வீசியவனிடமும், ஒற்றனிடமும் முத்திரை பதித்த சீட்டுகள் இருந்தன. இல்லாதிருந்தோர் ருஷ்ய அகதியும், யூத அறிஞரும், யூலைக்குப் பின் வீடிழந்து புறப்பட்ட தமிழருமே. ஒரு நாட்டின் எல்லை விதிகளை அளந்து பார்க்க விரும்புவோர், சீட்டு உடையார் எவ்வளவு விரைவாக உள்ளே செல்கின்றனர் என்பதை மட்டும் நோக்குதல் போதாது. சீட்டு இல்லார்க்கு அவ்விதிகளில் எவ்விடம் உண்டு என்பதையும் நோக்குதல் வேண்டும். 1922இல் ஜெனீவாவிற் கூடியோர் அவ்வினாவைக் கேட்டு, குறைபாடுடையதாயினும் ஒரு விடையையும் கண்டனர். அவ்விடையைக் காண்பதற்கு அவர்கட்குத் தேவைப்பட்டது ஒரு தாளும், அதனை மதிப்பதற்கான இணக்கமுமே.